கல்லிடைக்குறிச்சி வீட்டிலிருந்து பாளையங்கோட்டை லினக்ஸ் திரை: இணைய வேகத்தைக் கூட்டினால் போதுமா?

கல்லிடைக்காரன் | 5 அக்டோபர் 2024, காலை 7.50

பாளையங்கோட்டை அலுவலகத்தில் டெபியன் 12 என்னும் லினக்ஸ் போட்ட மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. குளங்களின் எல்லையை வரைவதற்கான செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. வீட்டில் இருப்பது உபுண்டு போட்ட பழைய மடிக்கணினி. தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய எக்ஸ் குறியைச் சேர்த்து, அங்கிருக்கும் க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட நிரலை இங்கே திறக்கிறேன். திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. மெனுவைச் சொடுக்கினால் அது விரிவதற்குள் பொறுமை போய்விடுகிறது. இரண்டு பக்கமும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அலுவலகத்துக்கு நிலையான ஐபி முகவரியும் உண்டு. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. பணம் கட்டும் முன் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோடகன் கால்வாய் | 5 அக்டோபர் 2024, இரவு 9.20

திட்டத்தை மாற்ற வேண்டாம் தம்பி. மாற்றினாலும் அந்த மெனு இன்றைக்கு விரிகிற வேகத்தில்தான் விரியும். சேரன்மகாதேவியில் இருந்துகொண்டு, பாளையங்கோட்டை மாடியறையில் இருக்கும் என் அச்சுக்கோப்புக் கணினியில் பல ஆண்டுகளாகப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்து வருகிறேன். நீங்கள் சொல்லும் தொல்லை எனக்கு நன்றாகப் பழக்கமானது.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் வரைந்து காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பு 1984-இல் எம்ஐடியில் தொடங்கியது. பதினோராவது பதிப்பு 1987-இல் வந்தது. இன்றைக்கும் நாம் ஓட்டுவது அதன் வழிவந்ததுதான். ஒரே வளாகத்துக்குள் ஒரே உள்வலையில் இருக்கும் கணினிகளுக்கு மிக நன்றாகப் பொருந்திய ஏற்பாடு அது. திரையும் விசைப்பலகையும் உங்கள் பக்கம் இருப்பதால் எக்ஸ் சர்வர், அதாவது வரைந்து காட்டும் பக்கம், உங்கள் மடிக்கணினியில் இயங்குகிறது. பாளையங்கோட்டையில் ஓடும் க்யூஜிஐஎஸ் அதற்குக் கிளையண்ட், அதாவது வரையச் சொல்லும் பக்கம். சாளரம் திறக்கவும், திரையின் அளவை அறியவும், ஒரு பண்பின் பெயருக்கு உரிய எண்ணைப் பெறவும் அந்த நிரல் உங்கள் மடிக்கணினியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறது. பதில் வந்தபின் அடுத்த கேள்வி, மறுபடியும் காத்திருப்பு. உள்வலையில் இந்தக் காத்திருப்பு ஒரு மில்லிநொடிக்கும் குறைவு என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

கால்வாயின் அகலம் வேறு, மதகைத் திறந்தபின் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர ஆகும் நேரம் வேறு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கப்போவது அகலம். உங்களைத் தடுப்பது அந்த நேரம்.

வீட்டிலிருந்து அலுவலக முகவரிக்கு, பதில் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சராசரியைச் சொல்லுங்கள். டிரேஸ்ரூட் கட்டளையையும் ஓட்டி, தகவல் பொட்டலங்கள் எந்த ஊர் வழியாகப் போகின்றன என்று பாருங்கள்.

கல்லிடைக்காரன் | 6 அக்டோபர் 2024, காலை 6.35

அண்ணாச்சி, சராசரி 42 மில்லிநொடி. இடையில் வரும் ரவுட்டர்களின் பெயரில் சென்னையைக் குறிக்கும் சுருக்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வீட்டு இணைப்பும் அலுவலக இணைப்பும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை.

கோடகன் கால்வாய் | 6 அக்டோபர் 2024, மாலை 5.10

எதிர்பார்த்ததுதான். இரு நிறுவனங்களின் வலைகளும் கைகோக்கும் இடம் சென்னையில் இருக்கிறது. அதனால் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிளம்பும் பொட்டலம் சென்னைக்குப் போய்த்தான் பாளையங்கோட்டைக்கு வருகிறது, பதிலும் அதே வழியாகத் திரும்புகிறது. போகவரச் சேர்த்தால் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், அதற்கே 12 அல்லது 13 மில்லிநொடி ஆகிவிடும். மீதி, வழியில் உள்ள கருவிகளும் சுற்றுப்பாதையும் எடுத்துக்கொள்வது. எந்தத் திட்டத்தை வாங்கினாலும் ஒளியின் வேகம் மாறாது.

இப்போது கணக்குப் போடுங்கள். நிரல் ஒன்று திறக்கும்போது 500 முறை பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 42 மில்லிநொடி வீதம் 21 நொடி வெறும் காத்திருப்பிலேயே போகிறது. அந்த நேரம் முழுவதும் உங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஏறத்தாழச் சும்மா இருக்கும். அடுத்த முறை அதைத் திறக்கும்போது இணைப்பில் ஓடும் தகவலின் அளவைக் காட்டும் என்லோடு போன்ற ஒரு கருவியைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். நிரம்பாத இணைப்பை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய எக்ஸ் நிரல்கள் 'இங்கே ஒரு கோடு போடு, அங்கே இந்த எழுத்தை எழுது' என்று சுருக்கமான கட்டளைகளை அனுப்பின. க்யூடி, ஜிடிகே என்னும் சாளர நூலகங்களைக் கொண்டு எழுதிய இன்றைய நிரல்கள் பெரும்பாலானவற்றைத் தாங்களே படமாக வரைந்து முடித்து, அந்தப் படத்தை அப்படியே அனுப்புகின்றன. ஆகவே எக்ஸ் முறையின் பழைய சிக்கனமும் இப்போது கிடைப்பதில்லை.

இதற்கு வழி, எக்ஸ் சர்வரையும் பாளையங்கோட்டையிலேயே வைத்துவிடுவது. தொலைத்திரையைக் காட்டும் விஎன்சி முறை செய்வது அதைத்தான். தொலைக் கணினியின் நினைவகத்தில் கற்பனைத் திரை ஒன்று உருவாகி, நிரலுக்கும் சர்வருக்கும் இடையிலான கேள்விபதில் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வலையில் உங்களை நோக்கி வருவது திரையில் மாறிய பகுதியின் படம் மட்டும். உங்களிடமிருந்து போவது விசையழுத்தமும் மவுஸ் நகர்வும் மட்டும்.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். தொலைக் கணினியில் எக்ஸ்எஃப்சிஇ என்னும் டெஸ்க்டாப்பும் டைகர்விஎன்சி என்னும் விஎன்சி சர்வரும். சர்வரைத் தொடங்கும்போது, அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி லோக்கல்ஹோஸ்ட் விருப்பத்தைக் கொடுக்கிறேன். திரை எண் 1 என்றால் போர்ட் (இணைப்பு நுழையும் வாசலின் எண்) 5901, எண் 2 என்றால் 5902. வீட்டுக் கணினியில் எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய எல் குறியைச் சேர்த்து, இங்குள்ள 5901-ஐ அங்குள்ள 5901-உடன் சுரங்கமாக இணைத்துவிட்டு, பார்க்கும் நிரலை லோக்கல்ஹோஸ்டில் உள்ள 1-ஆம் திரைக்கு அனுப்புகிறேன்.

திரையின் அளவை மடிக்கணினியின் அளவுக்கே வையுங்கள், 1366×768 போதும். அதைச் சுருக்காமல் அனுப்பினால் ஒரு முழுத்திரைக்கு ஏறத்தாழ 42 லட்சம் பைட். 1920×1080 என்றால் 83 லட்சம். நிறத்தின் ஆழம் 16 பிட் இருந்தால் இது பாதியாகும். எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளில் சாளர மேலாளரின் நுண்திருத்தப் பக்கத்துக்குப் போய் கம்பாசிட்டிங் எனப்படும் சாளர விளைவுகளை அணைத்துவிடுங்கள். பின்னணிப் படத்தை எடுத்து ஒற்றை நிறமாக்குங்கள். நிழலும் மங்கி மறையும் விளைவுகளும் கண்ணுக்கு அழகு என்றாலும், ஒவ்வொன்றும் வலையில் பல படங்களாக வருகின்றன.

வேகத்தைவிட நான் பெரிதாக நினைக்கும் நன்மை வேறொன்று. எக்ஸ் வழியாகத் திறந்த நிரல், இணைப்பு அறுந்த கணத்தில் சேமிக்காத வேலையோடு சேர்ந்து இறந்துவிடும். விஎன்சி திரை அங்கேயே உயிரோடு இருக்கும். இங்கே மின்சாரம் போய் வந்தபின் மறுபடி இணைத்தால், பாதி வரைந்த கோடு பாதியிலேயே உங்களுக்காகக் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் மாறிக்கொள்ளுங்கள்.

நகர்வாசி | 7 அக்டோபர் 2024, காலை 10.05

எஸ்எஸ்எச் சுரங்கம் எதற்கு? விஎன்சிக்கே கடவுச்சொல் இருக்கிறதே. அலுவலக ரவுட்டரில் 5901-ஐத் திறந்துவிட்டால் ஒரு வேலை குறையும்.

கோடகன் கால்வாய் | 7 அக்டோபர் 2024, காலை 11.30

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேறு யாருக்கும் அப்படிச் சொல்லியும் கொடுக்காதீர்கள்.

விஎன்சியின் வழக்கமான கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். நீங்கள் 20 எழுத்து வைத்தாலும் மீதி 12 வீண். அந்தச் சோதனை டிஇஎஸ் என்ற பழைய மறையாக்கத்தில் நடக்கிறது. உள்ளே நுழைந்தபின் படமும் விசையழுத்தங்களும் மறைக்கப்படாமல் போகின்றன. அதாவது அந்தத் திரையில் நீங்கள் தட்டச்சிடும் வங்கிக் கடவுச்சொல்லும் வெளிச்சத்தில் போகிறது. மறையாக்கம் சேர்த்த நீட்சிகள் டைகர்விஎன்சியில் உண்டுதான். ஆனால் இரு முனையும் அதையே பயன்படுத்துகின்றனவா என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். 5900-இல் தொடங்கும் போர்ட்களையும் விண்டோஸ் தொலைத்திரைக்கான 3389-ஐயும் இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம்.

வெளியே திறந்திருக்க வேண்டியது எஸ்எஸ்எச் ஒன்றுதான். அதிலும் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டுச் சாவிக்கோப்பு நுழைவை மட்டும் வையுங்கள். நிறுத்துவதற்கு முன், சாவிக்கோப்போடு நுழைய முடிகிறதா என்று வேறொரு சாளரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கணினி வேறு ஊரில் இருக்கும்போது வெளியே பூட்டப்பட்டுவிட்டால் பேருந்தேறிப் போய்த்தான் திறக்க வேண்டும்.

வள்ளியூர் டீச்சர் | 9 அக்டோபர் 2024, இரவு 8.45

எங்கள் வீட்டு லினக்ஸ் கணினியைப் பள்ளியில் இருக்கும் விண்டோஸ் கணினியிலிருந்து பார்க்க வேண்டும். வீட்டு ரவுட்டரில் எஸ்எஸ்எச் போர்ட்டைத் திறந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை. ரவுட்டரின் முகப்பில் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது.

கோடகன் கால்வாய் | 9 அக்டோபர் 2024, இரவு 10.15

டீச்சர், அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் பகிர்ந்துகொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்னும் பழைய முறை முகவரிகள் போதாததால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும், அதற்கு வெளியே நிறுவனத்தின் கதவு ஒன்று மூடியே இருக்கிறது.

முதலில், முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய முறையான ஐபிவி6 வருகிறதா என்று பாருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் அது இருந்தால் நேரடியாக எட்டலாம். ரவுட்டரின் தடுப்பில் அந்த ஒரு கணினிக்கு மட்டும் வழிவிட வேண்டும். பள்ளியில் ஐபிவி6 இல்லையென்றால், பொது முகவரி உள்ள சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடுவில் வைக்க வேண்டியிருக்கும். வீட்டுக் கணினியே அந்த நடு சர்வருக்கு எஸ்எஸ்எச் இணைப்பைத் தொடங்கி, பெரிய ஆர் குறியால் திரும்பும் வழியைத் திறந்துவைக்கும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பை வழக்கமாகத் தடுப்பதில்லை.

நான் சேரன்மகாதேவியில் இப்போது வைத்திருப்பது, கணினிகளை மறையாக்கத்தோடு இணைக்கும் வயர்கார்ட் என்னும் தனிவலை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி அமைத்தால் நிறுவனத்தின் கதவு மூடிக்கொள்ளாது. இணைப்பு அறுந்து வேறு முகவரியோடு திரும்பினாலும், அதன்மேல் ஓடும் எஸ்எஸ்எச் பெரும்பாலும் அறுவதில்லை. மடிக்கணினியை ஃபைபரிலிருந்து கைப்பேசி இணையத்துக்கு மாற்றும்போதுகூட வேலை தொடர்கிறது.

நடு சர்வர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஐரோப்பாவில் எடுத்தால், வள்ளியூரிலிருந்து வள்ளியூருக்குப் போகும் ஒவ்வொரு விசையழுத்தமும் கடல் தாண்டிப் போய்வரும். சென்னையில் கிடைத்தால் நல்லது; இல்லையென்றால் மும்பை.

விண்டோஸ் பக்கத்துக்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இல் 2018 முதல் எஸ்எஸ்எச் கிளையண்ட் கூடவே வருகிறது. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு நிரலும் இருக்கிறது. வீட்டில், அந்த நிரல் பேசும் ஆர்டிபி நெறிமுறையை லினக்ஸில் தரும் எக்ஸ்ஆர்டிபியை நிறுவுங்கள். அது 3389-இல் கேட்கும். சுரங்கத்தின் பள்ளி முனைக்கு 3389-ஐக் கொடுக்காமல் 3390-ஐக் கொடுத்து, 'லோக்கல்ஹோஸ்ட் 3390' என்று இணையுங்கள். 3389 என்றால், தன்னோடு தானே இணையப் பார்ப்பதாக எண்ணி விண்டோஸ் மறுத்துவிடும்.

பள்ளியின் கணினியில் சாவிக்கோப்பை வைப்பதானால் அதற்குக் கட்டாயம் ஒரு கடவுத்தொடரும் வையுங்கள். பலர் தொடும் கணினி அது.

வள்ளியூர் டீச்சர் | 12 அக்டோபர் 2024, மதியம் 2.20

இணைப்பு கிடைத்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது, கொடுத்தவுடன் கருந்திரை. சில நொடிகளில் அதுவும் மூடிக்கொள்கிறது.

கோடகன் கால்வாய் | 12 அக்டோபர் 2024, மதியம் 2.50

வீட்டுக் கணினியின் சொந்தத் திரையில் அதே பயனர் பெயரில் நுழைந்த நிலையிலேயே வந்திருப்பீர்கள். ஒரே பயனர் இரண்டு முழு டெஸ்க்டாப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும்போது, டெஸ்க்டாப்பின் உள்வேலைக்கான டிபஸ் இணைப்பில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. வீட்டில் யாரையாவது லாக் அவுட் செய்யச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். நிரந்தரத் தீர்வு, தொலைவிலிருந்து நுழைவதற்கென்று தனிப் பயனர் ஒன்றை வைப்பது. நிறச் சாதனம் ஒன்றை உருவாக்க அனுமதி கேட்டு ஒரு பெட்டியும் எழக்கூடும். அதை மூடிவிட்டு வேலையைத் தொடரலாம்.

கோடகன் கால்வாய் | 13 அக்டோபர் 2024, காலை 6.15

இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் தமிழில் தட்டச்சிடுபவர்கள் என்பதால், வேறெங்கும் விரிவாகப் பேசப்படாத ஒன்றை எழுதிவைக்கிறேன். தொலைத்திரையில் தமிழ் எழுதும்போது, விசைப்பலகை நிரல் எந்த முனையில் இயங்க வேண்டும்?

விஎன்சி வலைவழியே அனுப்புவது அழுத்திய விசைக்குரிய குறியீட்டை. ஆங்கில எழுத்துக்கு ஒரு விசை, ஒரு குறியீடு என்பதால் சிக்கல் இல்லை. தமிழ்99 விசைப்பலகை அப்படி வேலை செய்வதில்லை. ஆங்கில எச் இருக்கும் இடத்தில் க இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்தினால் க. இரண்டாம் முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்து க்க என்று ஆகிறது. க-வை அடுத்து ஒ-வை அழுத்தினால் கொ. முன்னால் வந்த எழுத்தைப் பார்த்து, அதைத் திருத்தி, முடிவை நிரலிடம் ஒப்படைப்பது ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையின் வேலை. அந்த முடிவு ஒரு விசையழுத்தமே அல்ல. ஆகவே வீட்டு முனையில் ஐபஸ் செய்து முடித்ததை விஎன்சியால் ஒழுங்காக எடுத்துச்செல்ல முடிவதில்லை. எக்ஸ்ஆர்டிபியிலும் இதே நிலைதான். ஆர்டிபி நெறிமுறை வழக்கமாக அனுப்புவது விசையின் இட எண்ணை.

ஆகவே தமிழ்99 தொலைக் கணினியில் ஓடட்டும். வீட்டு முனை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விஎன்சி தொடக்கக் கோப்பில், பின்னணியில் ஓடும் ஐபஸ் டீமனைத் தொடங்கி, ஜிடிகே நிரல்களுக்கும் க்யூடி நிரல்களுக்கும் உள்ளீட்டு முறை ஐபஸ் என்று அறிவிக்கும் சூழல் மாறிகளை, டெஸ்க்டாப்பைத் தொடங்கும் வரிக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் அவை டெஸ்க்டாப்புக்குத் தெரியாமல் போகும்.

அதன் பிறகும் தமிழுக்கு மாறவில்லை என்று பலர் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். மொழி மாற்ற ஐபஸ் வழக்கமாக எதிர்பார்ப்பது சூப்பர் விசையும் ஸ்பேஸ் விசையும் சேர்ந்த அழுத்தம். அதை உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பே பிடித்துக்கொண்டு தன் மொழியை மாற்றிவிடுகிறது. தொலைக் கணினிக்கு அது போய்ச் சேருவதே இல்லை. தொலைக் கணினியின் ஐபஸில் மட்டும் அதைக் கண்ட்ரோலும் ஸ்பேஸும் என்று மாற்றுங்கள். என் திரையில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான், தொலைவில் எழுதுகிறோம் என்ற நினைவே இல்லாமல் பக்கம் பக்கமாகத் தமிழ் அடிக்க முடிந்தது.

கல்லிடைக்காரன் | 19 அக்டோபர் 2024, காலை 9.00

அண்ணாச்சி, விஎன்சி ஓடுகிறது. மெனு கேட்டவுடன் விரிகிறது. வரைபடத்தை இழுக்கும்போது மட்டும் பட்டை பட்டையாக வருகிறது. குளத்தின் ஆழமான பகுதிக்கும் ஆழமற்ற பகுதிக்கும் நிற வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை.

கோடகன் கால்வாய் | 19 அக்டோபர் 2024, இரவு 7.30

16 பிட் இருந்தால் அளவு பாதியாகும் என்று 6-ஆம் தேதி எழுதியது எழுத்து வேலைக்கு. செயற்கைக்கோள் படத்துக்கு அது பொருந்தாது. 16 பிட்டில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 32 படிகள்தான், பச்சைக்கு 64. நீரின் நீலம் மெதுவாக மாறும் இடங்கள் பட்டைகளாகத்தான் தெரியும். 24 பிட்டுக்குப் போங்கள். டைட் என்னும் குறியேற்ற முறை இருக்கும்போது ஆழத்தைக் குறைத்து மிச்சமாவது சிறிதுதான். படம் நிறைந்த பகுதிகளை அது, தரத்தைச் சற்று இழக்கும் ஜேபெக்காகச் சுருக்குகிறது, ஒரே நிறம் பரவிய பகுதிகளை இழப்பில்லாமல் சுருக்குகிறது.

இழுக்கும்போது படம் உடைந்து வருவதை முழுதும் போக்க முடியாது. முழுத்திரையும் ஒரே நேரத்தில் மாறும் வேலை அது. கையால் இழுப்பதைவிட, போக வேண்டிய குளத்தை அட்டவணையில் தேர்ந்தெடுத்து அங்கே தாவும் வசதியைப் பயன்படுத்துங்கள். திரை ஒரே முறைதான் மாறும்.

எக்ஸ்டூகோ என்றொரு வழியும் உண்டு. நோமெஷின் நிறுவனத்தின் என்எக்ஸ் நூலகங்கள்மேல் கட்டியது அது. எக்ஸ் கேள்விகளுக்கு அந்த முனையிலேயே பதில் சொல்லிக் காத்திருப்பைக் குறைக்கிறது, எஸ்எஸ்எச் வழியாகவே ஓடுகிறது. எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே ஆகிய டெஸ்க்டாப்புகளோடு நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு நிரலின் சாளரம் மட்டும் போதும், அது அறுந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்ப்ரா.

கோடகன் கால்வாய் | 2 நவம்பர் 2024, மாலை 4.40

எக்ஸுக்கு மாற்றாக வேலாண்ட் வந்துவிட்டதால் இதெல்லாம் வீணா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். 2008-இல் தொடங்கிய வேலாண்டில், எக்ஸ் போல வலைவழியே வரையும் ஏற்பாடு உள்ளேயே கிடையாது. ஏற்கெனவே திறந்திருக்கும் வேலாண்ட் திரையை எக்ஸ்11விஎன்சி போன்ற பழைய கருவிகளால் பகிர முடியாது. ஆனால் நான் மேலே சொன்ன டைகர்விஎன்சி திரை தனக்கென்று ஓர் எக்ஸ் சர்வரை வைத்துக்கொள்கிறது. கணினியின் சொந்தத் திரை வேலாண்டில் இருந்தாலும் அதற்குத் தடையில்லை.

க்நோம் டெஸ்க்டாப்பே வேண்டும் என்பவர்களுக்கு இப்போது நல்ல காலம். 2022-இல் வந்த க்நோம் 42-இல் ஆர்டிபி வழியாகத் திரைப்பகிர்வு வந்தது. 2024 மார்ச்சில் வந்த 46-இல், யாரும் நுழையாத கணினியிலும் தொலைவிலிருந்து நுழையும் வசதி சேர்ந்தது. உபுண்டு 24.04-இல் அது இருக்கிறது. டெபியன் 12-இல் க்நோம் 43 என்பதால் அந்த இரண்டாம் வசதி இல்லை. தனி நிரல் ஒன்றை மட்டும் எஸ்எஸ்எச் வழியாகக் கொண்டுவர வேபைப் என்ற கருவி இருக்கிறது.

கோடகன் கால்வாய் | 23 நவம்பர் 2024, காலை 5.50

மழை தொடங்கிவிட்டதால் மின்சாரம் பற்றி. தொலைக் கணினிக்கு நாம் பக்கத்தில் இல்லை; நின்றுவிட்டால் தானாக எழ வேண்டும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால், எழுந்த கணினி கடவுத்தொடருக்காகக் காத்து நிற்கும், எஸ்எஸ்எச் அதன் பிறகுதான் வரும். டிராப்பேர் என்னும் சிறிய எஸ்எஸ்எச் சர்வரைத் தொடக்க நிலையிலேயே வைத்தால் வெளியிலிருந்து திறக்கலாம். கணினி எழும்போது தானாகத் தொடங்கும்படி விஎன்சி திரையைச் சிஸ்டம்டி சேவையாக வையுங்கள். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினிக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு அவற்றை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையம் தண்ணீருக்குள் நின்றது. என் கணினி மாடியறையில் உலர்ந்துதான் இருந்தது. ஆனாலும் மின்சாரமும் இணையமும் இல்லாத அந்த நாள்களில் அதற்குள் இருந்த புத்தகம் எனக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவி மூலம் அன்றைய வேலைக்கோப்புகள் சேரன்மகாதேவிக்கு வந்து சேர்கின்றன. தம்பி, உங்கள் படங்கள் முழுவதையும் கொண்டுவர முடியாது. அவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் கையால் வரைந்த குளத்து எல்லைக் கோப்புகள் மிகச் சிறியவை, வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றை மட்டுமாவது கொண்டுவாருங்கள்.

கல்லிடைக்காரன் | 7 டிசம்பர் 2024, இரவு 9.10

எல்லைக் கோப்புகள் இப்போது இரவுதோறும் வருகின்றன. இன்னொரு கேள்வி, அண்ணாச்சி. அறிக்கையின் தமிழ்ப் பகுதியைத் தொலைத்திரையிலேயே மெய்ப்புப் பார்க்கிறேன். எழுத்துகள் கொஞ்சம் அழுக்காகத் தெரிகின்றன.

கோடகன் கால்வாய் | 8 டிசம்பர் 2024, காலை 6.05

அது ஜேபெக்கின் அழுக்கு. மெய்ப்புக்கு ஆகவே ஆகாது. தரத்தை 9-லிருந்து 3-க்கு இறக்கிவிட்டு, 10 புள்ளி அளவில் 'பாடம்', 'படம்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரங்களில் சாம்பல் துகள்கள் சேர்ந்து, காலின் கீழ்வளைவு பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி அதைவிட மோசம்; வெளிறிப்போய், மேல் வரியின் உகரக் கொக்கிக்கு அடியில் கரைந்துவிடும். 'அவர்கள்' என்பதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் கண் தானாக நிரப்பிக்கொண்டு போய்விடும்.

முதலில், தொலைக் கணினியின் எழுத்துரு அமைப்பில் சப்பிக்சல் சீராக்கத்தை அணைத்துச் சாம்பல்நிறச் சீராக்கத்தை வையுங்கள். சப்பிக்சல் முறை எழுத்தின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் தீட்டுகிறது. ஜேபெக் முதலில் சிதைப்பது அந்த நிறங்களைத்தான், சுருக்கவும் அவை கடினம். பிறகு, டைகர்விஎன்சி பார்க்கும் நிரலில் எஃப்8 விசையை அழுத்தினால் வரும் மெனுவில் விருப்பங்களுக்குப் போய், தானாகத் தேர்ந்தெடுப்பதை எடுத்துவிட்டு, ஜேபெக் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். டைட் அப்போது முழுவதும் இழப்பில்லாமல் அனுப்பும். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து என்பதால் அது நன்றாகவே சுருங்கும். 42 மில்லிநொடி இணைப்பில் பக்கம் புரட்டுவதில் வித்தியாசம் தெரியாது. வரைபட வேலைக்குத் திரும்பும்போது ஜேபெக்கை மறுபடி அனுமதித்துக்கொள்ளுங்கள். இறுதி மெய்ப்பை மட்டும் பிடிஎஃப் கோப்பாக வீட்டுக்கு இறக்கி, உங்கள் மடிக்கணினியிலேயே திறந்து பாருங்கள்.